பதினேழாவது டன்னல்

செப்டம்பர் 2, செவ்வாய்

புது டிவி வந்தது. டிவியை இவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது பெட்டிக்குள் இருந்த தெர்மோகோல். பெரிய துண்டு இரண்டு, ஒரு மூலைகூட உடையவில்லை. கொண்டுவந்த ஆள் அதையும் சுருட்டிக்கொண்டு போகப் பார்த்தார். கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன்.

கொலுவுக்கு இன்னும் இருபது நாள். ஏழு படிக்குப் பக்கத்தில் தரையில் வருடா வருடம் ஒரு காட்சி வைப்பேன். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராக இருந்துவிட்டு, கடையில் விற்கிற கல்யாண செட்டை வாங்கியா வைக்க முடியும்? அந்த வருடம் எந்த ஊருக்குப் போனேனோ அந்த ஊர்தான். போகாத இடத்தைச் செய்வதில்லை என்பது என் சட்டம். போன வருடம் பாம்பன் பாலம். அதற்கு முந்தின வருடம் ஒகேனக்கல். குட்டி மோட்டார் வைத்து அருவி விட்டதில் ஹால் முழுக்கத் தண்ணீர். இவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

இந்த வருடம் போனது ஒரே ஒரு இடம். ஜனவரியில் ஊட்டி மலை ரயில். அதையே செய்யப் போகிறேன்.

லோகாவுக்கும் அதுதான் வேண்டுமாம். லோகநாயகி எதிர் பிளாக்கில் முதல் மாடி. எங்கள் அடுக்ககத்தில் பதினான்கு வருடச் சிநேகிதி. ஜூலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. முழங்கால் வலி. நாலு மாடி இறங்கி, ஏறி, முடியுமா?

செப்டம்பர் 4, வியாழன்

இவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மரத்தூள் அரைக் கிலோ, பச்சைச் சாயப்பொடி இரண்டு பாக்கெட், மைதா, பழுப்பு நிற போஸ்டர் கலர். பழுப்புக்குப் பதில் ஆரஞ்சு வாங்கி வந்திருக்கிறார். ஆரஞ்சு மலையை எந்த ஊரில் பார்த்தார் என்று கேட்டேன். "சாயங்காலம் பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

நானே தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு நடை போயிருந்தால் எல்லாம் சரியாக வந்திருக்கும். வெயில். திருச்சி வெயிலுக்கு ஆவணியும் ஒன்றுதான், சித்திரையும் ஒன்றுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மலை எழுந்துவிட்டது. தெர்மோகோலை அடுக்கி ஒட்டி, ரொட்டி வெட்டும் கத்தியால் செதுக்கி, மைதாப் பசையில் தினசரித் தாளைத் தோய்த்து மேலே ஒட்டினேன். கை மணிக்கட்டு வரை பசை. டன்னலுக்கு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளை அடுக்கி, காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டேன். முன்பக்கம் ஆறு தாள். தாள் தீர்ந்துவிட்டதால் பின்பக்கம் இரண்டே தாளோடு விட்டுவிட்டேன். அது சுவரைப் பார்த்து இருக்கப் போகிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த ரயிலில் பதினாறு டன்னல். லோகாதான் எண்ணினாள். ஒவ்வொன்றுக்குள் நுழையும்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து ஜன்னலில் தலையை நீட்டி "கூ…" என்று கத்தினாள். அறுபத்து நாலு வயது, பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஐந்தாவது டன்னலில் நானும் கத்தினேன். பத்தாவதில் எனக்குத்தான் தொண்டை கட்டியது. எதிர் சீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடலை கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு இருட்டில் ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

லோகா இரண்டு முறை போன் செய்தாள். கையெல்லாம் பசையாக இருந்ததால் எடுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ரயில் தயார். நாலு பெட்டி, பற்பசை அட்டையில் நீலமும் வெள்ளையும் பூசியது. தண்டவாளம் ஐஸ் குச்சி. எஞ்சின் மட்டும் நன்றாக அமைந்துவிட்டது. ஹோமியோபதி மருந்துக் குப்பியைப் படுக்க வைத்து, புகைபோக்கிக்குப் பேனா மூடி. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கத்தரித்து வைத்தேன். வீட்டுவேலைக்கு வரும் கஸ்தூரி, தேய்க்க நார் எங்கே என்று தேடி, கடைசியில் மலைமேல் கண்டுபிடித்தாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். வாசலில் செருப்பு ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்குள்ள பூச்சி கூடு கட்டியிருக்கும்மா. எத்தினி மாசமாச்சு போட்டு?"

அது பழைய செருப்பு, இப்போது போடுவதில்லை என்றேன். வேறு செருப்பு எனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டி வைத்துவிட்டுப் போனாள். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற புத்தி.

செப்டம்பர் 15, திங்கள்

இவர் எலும்பு டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கியிருந்தார். இது மூன்றாவது தடவை. மழை வரும்போல இருந்ததால் போகவில்லை.

மழை வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? இவர் சட்டையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கடலைப் பருப்பு ஊறப் போடட்டுமா என்று கேட்டார். இந்த மனுஷர் கத்தினால்கூடத் தேவலை.

செப்டம்பர் 18, வியாழன்

லோகாவின் போனை எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

புனேயிலிருந்து அவள் மகன் கதிரவன் வந்திருக்கிறான். இனி அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டானாம். வீட்டை வாடகைக்கு விட ஆளும் பேசியாகிவிட்டது. சரஸ்வதி பூஜை, விஜயதசமி முடிந்து, அக்டோபர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறார்கள். திரும்பி வருகிற பேச்சு இல்லை.

"வெள்ளிக்கிழமை யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?" என்று கேட்டேன். வேறு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அவன் டிக்கெட் போட்டுட்டான். அவனுக்கு வெள்ளியும் ஒண்ணுதான், செவ்வாயும் ஒண்ணுதான். அதை விடு. நான் இந்த வருஷம் உன் வீட்டுப் படி ஏற முடியாது. லிஃப்ட்ல வரலாம்னா, புனே கிளம்பற வரைக்கும் எங்கயும் கூட்டிப் போகாதேன்னு டாக்டர் அவனை மிரட்டி வெச்சிருக்கார். நீ ஒரு தடவை வந்துட்டுப் போடி."

"வரேன்."

"மலை ரயிலைப் பாக்கணும்."

போட்டோ அனுப்புகிறேன் என்றேன். போனில் பார்த்தால் எல்லாம் சுண்டைக்காய் சைசில் தெரிகிறது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கொலுவில் வைத்ததை விஜயதசமி வரை அசைக்கக் கூடாதே என்றேன். அப்படியானால் அதற்கு முன்னாலேயே கொண்டுவா, இல்லாவிட்டால் அப்புறம் கொண்டுவா, ஆனால் நீ வா என்றாள்.

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. போகாமலா இருப்பேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு, மகாளய அமாவாசை

படி கட்டியாயிற்று. இவர் ஏணியில் நின்று சீரியல் விளக்கு மாட்டினார். மரப்பாச்சிக்குப் புதுப் புடவை. தட்டில் போன வாரம் விதைத்த கடுகு விரல் உயரத்துக்கு முளைத்திருக்கிறது. அதை மலையடிவாரத்தில் புல்வெளியாக வைத்தேன்.

முதல் பெட்டியின் ஜன்னலில் இரண்டு சட்டைப் பித்தானை முகமாக ஒட்டி, கண் வரைந்தேன். ஒன்றுக்குத் தலையில் ஆரஞ்சு நூல் முடிந்திருக்கிறேன். கனகாம்பரம். இவர் வாங்கி வந்த ஆரஞ்சுக் கலருக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்தது, நூலில் தடவினேன்.

எஞ்சினின் மூக்கு டன்னல் வாசலில் இருக்கிறது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் உள்ளே போய்விடும்.

இன்றைக்கே தூக்கிக்கொண்டு போய் அவளிடம் காட்டியிருக்கலாம். பசை முழுதாகக் காயவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

முதல் நாள். கொண்டைக்கடலைச் சுண்டல். பதினோரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் போகும்போது "எங்க வீட்டுக்கும் வாங்க" என்று குங்குமம் கொடுத்து அழைத்துவிட்டுப் போகிறார்கள். கொலுவில் இதுதான் தொல்லை. வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். "அவசியம் வரேன்" என்று பதினோரு தடவை சொன்னேன். பக்கத்தில் தாம்பூலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இவர் ஒவ்வொரு தடவையும் "அவளுக்கு முழங்கால்" என்று சேர்த்துக்கொண்டார். கேட்காமலே சொல்கிறார்.

செப்டம்பர் 24, புதன்

கீழ்வீட்டு ஸ்டீபன் சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கொலுவுக்கு வருடம் தவறாமல் வருவார், பச்சைப்பயறுச் சுண்டலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். இந்த வருடம் சுண்டலைக்கூட மறந்துவிட்டு ரயிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எஞ்சினை மெச்சினார். தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரத்துக்கென்று நான் ஜிப் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இதை எவன் யோசிப்பான்!" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அப்புறம் கன்னத்தைத் தரையில் வைக்காத குறையாகக் குனிந்து டன்னலுக்குள் பார்த்தார். சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"டீச்சரம்மா, வண்டி உள்ள போகுது. எந்தப் பக்கம் வெளிய வருது?"

அறையில் ஐந்து பேர். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு வாய்தான் வைத்திருக்கிறேன். மறுபக்கம் வைக்கவே இல்லை. இருபது நாள் உட்கார்ந்து செய்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

மறுபக்கம் மலைக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். பாவம், அவர் "சரிங்கம்மா" என்று எழுந்து சுண்டலை வாங்கிக்கொண்டார். இனி சரிசெய்யவும் முடியாது. வைத்தது வைத்ததுதான்.

செப்டம்பர் 25, வியாழன்

குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, சுண்டல் டப்பா எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்குக் கிளம்பினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. மறுபடி கிளம்பினேன். அதே இடத்தில் அதே சந்தேகம். மறுபடி வந்தேன்.

மூன்றாவது தடவை வாசல் கதவைத் திறக்கவில்லை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று நல்ல புழுக்கம்.

செப்டம்பர் 27, சனி

இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

ஏப்ரல் 19. காய்கறிப் பையோடு கீழே லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மின்சாரம் போய் நின்றுவிட்டது. விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. மணி அடிக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கத்தினேன். கதவைக் கையால் அடித்தேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

யாரோ கேட்டுவிட்டு ஓடி வந்தார்கள். என்னைப் பார்க்கப் படியேறி வந்துகொண்டிருந்த லோகாதான். மூன்றாவது மாடி லிஃப்ட் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஆள் வந்து திறக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிஷமும் அவள் எழுந்திருக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். "இது பதினேழாவது டன்னல்டி. கொஞ்சம் நீளமா இருக்கு, அவ்வளவுதான். கூன்னு கத்து பாப்போம்" என்றாள். நான் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். அவளும் வெளியிலிருந்து கத்தினாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவள்தான். முதலில் லிஃப்ட் வேண்டாம் என்று படியில் போனேன். அப்புறம் படியிலும் அந்த இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு அடைத்தது. ஒரு நாள் பால் வாங்கக் கீழே போய்விட்டு ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. ஐந்து மாதம் ஆயிற்று. முழங்காலுக்கு ஒன்றுமில்லை. கல் மாதிரி இருக்கிறது.

ஐம்பது நிமிஷம் வெறுந்தரையில் உட்கார்ந்தவள் இடுப்பொடிந்து கிடக்கிறாள். எண்பதடி தாண்டி அவளைப் பார்க்க என்னால் போக முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கஸ்தூரி கையில் லோகா தாம்பூலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு கண்ணாடி வளையல் செட், மயில் கழுத்துக் கலரில் ரவிக்கைத் துணி. வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். வராதவளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

என்னவாவது சொன்னாளா என்று கேட்டேன். கஸ்தூரி தயங்கினாள். நான் என்ன தப்பு பண்ணினேனோ தெரியலியே என்று சொன்னாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

கடலைப் பருப்புச் சுண்டலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு இந்த நோட்டையும் பூஜையில் வைக்கிறேன். நாளை முழுக்கப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. நல்லதாயிற்று. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

காலையில் பூஜை முடித்துப் புத்தகங்களை எடுத்தோம். இந்த நோட்டை நான் அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன். எடுக்கும்போது இவருடைய அகராதிக்கு மேலே இருந்தது.

கேட்கலாமா என்று பார்த்தேன். இவர் பொரியில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

மத்தியானம் வாசலுக்குக் கோலம் போடப் போனேன். என் செருப்பைத் துடைத்து, பாலிஷ் போட்டு, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறது. கஸ்தூரிக்குப் போன் செய்து கேட்டால் நான் இல்லை என்கிறாள். அவள் இன்று லீவு கேட்டு சீக்கிரமே போய்விட்டவள்.

சாயங்காலம் லோகா போன். "நாளைக்குக் காலைல எட்டரைக்குக் கிளம்பறோம்" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிடுவேன், ஆனால் நாளை வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை கொலுவைக் கலைக்கக் கூடாது, ரயிலை எப்படி எடுத்து வருவது என்றேன். நல்ல காரணம் கிடைத்துவிட்டது என்று என் மனசு உட்கார்ந்துகொண்டதை நானே பார்த்தேன்.

லோகா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "படியில இருக்கறதுதாண்டி கொலு. தரையில இருக்கறது சும்மா விளையாட்டு. எடுக்கலாம்."

போனை வைத்தபின் இவரிடம் கேட்டேன், தரையில் வைத்தது கொலுவில் சேருமா சேராதா என்று. "நீதானே சட்டம் போடறவ" என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஏழரைக்குக் குளித்து, லோகா கொடுத்தனுப்பிய வளையலைப் போட்டுக்கொண்டேன். படிக்கு முன்னால் நின்று, மன்னித்துக்கொள் தாயே என்று சொல்லிவிட்டு மலையைப் பலகையோடு தூக்கினேன். இரண்டடிக்கு ஒன்றரை அடி. கனமில்லை, அகலம்தான். நான் தூக்குகிறேன் என்று இவர் வந்தார். நீங்கள் ஆரஞ்சு வாங்குகிற ஆள், விடுங்கள் என்றேன். அப்படியானால் முன்னால் போகிறேன், உனக்குப் படி தெரியாது என்றார்.

உண்மைதான். மலையைப் பிடித்துக்கொண்டால் எனக்குக் கால் தெரியவில்லை. படி தெரியவில்லை. லிஃப்ட் கதவும் தெரியவில்லை. தேயிலைத் தோட்டமும் கடுகுப் புல்லும்தான் தெரிந்தது. இவர் எனக்கு முன்னால், முகத்தை என் பக்கம் திருப்பி, பின்பக்கமாக இறங்கினார். "படி… படி… திருப்பம்… படி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அறுபது வயதில் அப்படி இறங்கி விழுந்து வைத்தால் லோகாவுக்குத் துணையாக இன்னொரு வாக்கர் வாங்க வேண்டும் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே மூன்றாவது மாடி தாண்டிவிட்டது.

அதற்குக் கீழே உள்ள திருப்பத்தில் வந்துவிட்டது. காது அடைத்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. பலகைமேல் ரயில் கடகடவென்று ஆடியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன், மடியில் மலையோடு. போகலாம், மேலே போகலாம் என்றேன். இவர் எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

வெளியே கார் டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது. கதிரவனின் குரல். "அம்மா, நேரமாகுதும்மா, உக்காருங்க."

அவள் போகிறாள். என்னைப் பார்க்காமல் போகிறாள். என்னமோ தப்பு பண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போகிறாள். எழுந்திருக்க முடியவில்லை எனக்கு. வாயைத் திறந்தேன். "லோகா" என்று கூப்பிடத்தான் திறந்தேன். வந்தது வேறு.

"கூ…"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேல்வீட்டில் யாரோ கதவைத் திறந்தார்கள். நான் நிறுத்தவில்லை. கத்தக் கத்த, அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழேயிருந்து, கரகரவென்று, இருமலோடு வந்தது.

"கூ…"

எழுந்துவிட்டேன். மீதி முப்பத்தைந்து படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இவர் "படி" என்று சொல்வதற்கு முன்னால் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். "மெதுவா, மெதுவா, நான் பின்பக்கமா இறங்கறேன்ல" என்று கத்தினார்.

வெளியே அவ்வளவு வெளிச்சம். ஐந்து மாதமாக மாடியிலிருந்து பார்த்த வேப்பமரம் இவ்வளவு பெரியதா! லோகா காரின் முன் சீட்டில், கதவு திறந்தபடி, ஒரு காலை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பாதி உடம்பு காணோம். தலையில் கனகாம்பரம் இருந்தது.

மலையை அவள் மடியில் வைத்தேன். கதிரவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஸ்டீபன் சார் எங்கிருந்தோ வந்து அவன் தோளைப் பிடித்து, ஏர்போர்ட்டுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள் என்று ஆரம்பித்தார். நல்ல மனுஷர்.

"முழங்கால் இல்லடி" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"முழங்கால் வலிக்காரி நாலாவது மாடியில எக்கி எக்கித் துணி காயப்போடறதை எங்க பால்கனியில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். முதல்ல என்மேல கோபம்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். லிஃப்ட்தானே?"

தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம் ஏண்டி கேட்கவில்லை என்றேன்.

"நீயா சொல்லுவேன்னுதான். சொல்லாமலே அனுப்பிடுவியோன்னு பயமா இருந்தது."

அவள் ரயிலைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த இரண்டு பித்தானைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, ஆரஞ்சு நூலைத் தொட்டாள். சிரித்தாள். எஞ்சினை டன்னலுக்குள் தள்ளினாள். அது போய் முட்டி நின்றது. பலகையை மடியிலேயே திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"வெளிய வர்ற வழி எங்கடி?"

"வெக்கல. மறந்துட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆள்காட்டி விரலைப் பின்பக்கத்துத் தாளில் வைத்து அழுத்தினாள். இரண்டே தாள். பொத்தென்று உள்ளே போய்விட்டது. விரலைச் சுழற்றி ஓட்டையைப் பெரிதாக்கி, எஞ்சினை அந்தப் பக்கமாக வெளியே இழுத்தாள். நகத்தில் பசைத்தூள். "இவ்வளவுதான்" என்றாள்.

நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். வெட்கமே இல்லாமல், எல்லோர் முன்னாலும். அவளும் அழுதாள். குங்குமம் வைத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவர் போனபிறகு யாரும் தனக்கு வைப்பதில்லை என்று அவள் நெற்றியைக் காட்டத் தயங்கினாள். கொலுவில் நான் போடுவதுதான் சட்டம் என்று சொல்லி வைத்தேன்.

எஞ்சினை அவள் திருப்பித் தரவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். கார் கேட்டைத் தாண்டித் திரும்பும்போது உள்ளேயிருந்து ஒரு "கூ…" வந்தது. வாட்ச்மேன் பயந்துபோய் எழுந்து நின்றார்.

நான் மேலே ஏறி வந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். இவர் இரண்டு இடத்திலும் உட்கார்ந்தார்.

அக்டோபர் 4, சனி

கொலு பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. எஞ்சின் இல்லாத ரயிலை மட்டும் ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

காலையில் பால் நானே போய் வாங்கி வந்தேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். போக இருபது நிமிஷம், வர அரை மணி. வழியில் கை இறுகியதில் ஒரு பாக்கெட் பிய்ந்து படியெல்லாம் பால். கஸ்தூரி துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மத்தியானம் புனேக்கு ரயில் உண்டா என்று இவரிடம் கேட்டேன். இருக்கிறதாம். வழியில் மலை வருமாம், டன்னலும் வருமாம். எத்தனை என்று கேட்டேன்.

"எண்ணிட்டு வந்து நீயே சொல்லு" என்றார்.